மூன்று ஒன்றாம் நம்பர்கள்

அந்த நகரத்துக்கு டெலிபோன் வந்த புதிதில் யாருக்கும் நம்பர் கிடையாது. வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மரப்பலகையில் ஒரு சின்ன மூடி டப்பென்று விழும். ஆபரேட்டர் அக்கா அந்த மூடிக்குக் கீழே இருக்கும் ஓட்டையில் கயிற்றைச் சொருகி, "சொல்லுங்க" என்பாள். "எங்க மாமியார் வீட்டைக் குடும்மா" என்றால் போதும். எந்த மாமியார், எந்தத் தெரு என்றெல்லாம் கேட்கமாட்டாள். மொத்தம் நாற்பத்தொரு இணைப்பு. நாற்பத்தொரு வீட்டுக் குரலும், இருமலும், பங்காளிச் சண்டையும் அவளுக்கு அத்துப்படி. டாக்டர் வீட்டைக் கேட்டால், "அவர் இப்ப மில்லுக்காரர் வீட்டுல ஊசி போட்டுக்கிட்டு இருக்கார், அங்கேயே குடுக்கட்டுமா?" என்று திருப்பிக் கேட்பாள். அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

எக்ஸ்சேஞ்ச் இருந்தது தந்தி ஆபீசின் மாடியில். கீழே தந்திக்காரர்கள் நாள் முழுக்கக் கட்டுக்கடகட்டு என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். டெலிபோன் வந்ததும் முதலில் அவர்களில் ஒருவரைத்தான் மாடியில் உட்கார வைத்தார்கள். அது பெரிய கூத்தாகிவிட்டது. தந்திக்காரருக்குப் பத்து வார்த்தைக்கு மேல் ஒருவர் பேசினால் உடம்பெல்லாம் எரியும். இருபது வருஷப் பழக்கம். நகரசபைத் தலைவரின் மனைவி தன் தங்கையோடு பேச ஆரம்பித்து, சாப்பாடு ஆச்சா, என்ன சமையல், குழந்தைக்குச் சளி எப்படி என்று போய்க்கொண்டிருந்தபோது, இவர் நடுவில் புகுந்து, "விஷயத்துக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். பதினோராவது வார்த்தையில் கயிற்றையும் உருவிவிட்டார். அடுத்து வந்த இரண்டு தந்திக்காரர்களும் அதே ரகம். ஒருவர் சந்தாதாரரின் பேச்சைக் கேட்டு, அதை ஆறு வார்த்தையாகச் சுருக்கி, அந்தப் பக்கத்துக்குத் தானே சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார். ஊருக்கு உபகாரம் செய்வதாக அவர் நினைப்பு.

அப்புறம்தான் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் புருஷனும் கீழே தந்தி தட்டியவன்தான். பக்கத்து நகரத்துக்கு மூன்று மாதம் மாற்றலாகிப் போனவன், நான்காவது மாதம் தந்தி கொடுத்தான். 'இனி வரமாட்டேன். வேறு இடத்தில் குடும்பம். என் பெட்டியை அண்ணனிடம் கொடு.' பத்து வார்த்தை வரைக்கும் ஒரே கட்டணம் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஒன்பதிலேயே முடித்துக்கொண்டான். மிச்சமிருந்த ஒன்றில் மன்னித்துவிடு என்று சேர்த்திருந்தால் காலணா கூடச் செலவில்லை. அந்தத் தந்தியை வாங்கி எழுதியது அவனுடைய பழைய நண்பன். ஆபீஸ் முழுக்கப் படித்துவிட்ட பிறகுதான் அது அவள் கைக்கு வந்தது. அந்த வெட்கத்தில்தான் ஆபீஸ்காரர்கள், ஆம்பிளை யாருக்கும் சரிப்படாத அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்கள்.

அந்த நாற்காலி அவளுக்கு வெறும் உத்தியோகம் இல்லை. அது கிடைப்பதற்கு முன் எட்டு மாதம் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. ரொம்ப நல்லவள், அதுதான் தொல்லை. "நீ எதுக்கு எழுந்திருக்கிற, உட்காரும்மா" என்று ஆறு மாதம் தினமும் சொன்னாள். ஏழாவது மாதம் ஒரு காலையில் சொல்லாமல் விட்டாள். அவ்வளவுதான் நடந்தது, வேறு ஒன்றுமில்லை. அன்றைக்கு அக்கா பாத்திரம் தேய்க்கும்போது அழுத அழுகை, தந்தி வந்த அன்றைக்குக்கூட அழாதது. வேலை கிடைத்ததும் தந்தி ஆபீசுக்கு எதிரிலேயே ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். ஆனாலும் பூட்டும் சாவியும் அவளுடையது. செத்தாலும் அண்ணன் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். அந்த நாலு நாளும் ஆபீஸ் சூப்பிரண்டே பலகையில் உட்கார்ந்தார்.

சூப்பிரண்டு தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும், "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். இல்லை என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர் யாரும் இல்லை. அவர் சொன்னது நடந்து பார்த்தவரும் யாரும் இல்லை. அவர் பலகையில் உட்கார்ந்த முதல் நாளே, நீதிபதி தன் மகளோடு பேசக் கேட்டதற்கு மில் முதலாளியை இணைத்துவிட்டார். போன மாதம்தான் நீதிபதி மில் முதலாளிக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லியிருந்தார். "கண்ணு, என்னம்மா பண்ற?" என்று நீதிபதி கொஞ்ச, அந்தப் பக்கம் மில் முதலாளி அதற்குச் சொன்ன பதிலை எழுத முடியாது. நாலாவது நாள் முடிவதற்குள் நகரத்தில் பாதிப்பேர் மீதிப்பேரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

புகார் தலைமை ஆபீஸ் வரைக்கும் போனது. அங்கிருந்து உத்தரவு வந்தது: இனி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண். பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது, எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே ஆளை நம்பியிருக்க வேண்டாம், எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் பலகையில் உட்காரலாம்.

அக்கா அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். நாற்பத்தொரு வீட்டை மனப்பாடமாக வைத்திருப்பதால்தான் அவள் அங்கே இருக்கிறாள். அந்த மனப்பாடத்துக்கு இனி வேலையில்லை என்று ஒரே ஒரு காகிதத்தில் சொல்லிவிட்டார்கள்.

எண் கொடுப்பது சுலபம் என்று தலைமை ஆபீசில் எந்த மகராசன் நினைத்தானோ தெரியாது. அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலையிலேயே நீதிபதியின் குமாஸ்தா வந்துவிட்டார். "ஐயாவுக்கு ஒண்ணாம் நம்பர். இதுல பேச்சே இல்லை" என்றார். சூப்பிரண்டு, "ஆகட்டும், ஆகட்டும். ஐயாவுக்கு இல்லாததா?" என்றார்.

மதியம் மில் முதலாளி தானே வந்தார். வந்து நாற்காலியில் உட்காராமல் சூப்பிரண்டின் மேஜைமேல் உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல முதல்ல டெலிபோன் வாங்குனது யாரு?"

"நீங்கதாங்க."

"அப்ப ஒண்ணு யாருக்கு?"

"ஆகட்டுங்க."

"எனக்கு ரெண்டுன்னு சொல்லிப் பாருங்க, மில்லுல இருக்கிற நாலு டெலிபோனையும் பிடுங்கி வண்டியில ஏத்தி அனுப்பிடுறேன்."

"ஐயையோ, ஆகட்டுங்க, ஆகட்டும்!"

சாயங்காலம் நகரசபைத் தலைவர் நாலு ஆட்களோடு வந்தார். தந்திக் கம்பமெல்லாம் நகரசபைத் தெருவில் நிற்கிறது என்பதை மட்டும் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்திவிட்டு எழுந்தார். சூப்பிரண்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடி, மூன்று தடவை ஆகட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மாலை அவர் மாடிக்கு ஏறி வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. "நீ பாத்துக்கோம்மா" என்றார்.

"ஒண்ணை எப்படி சார் மூணு பேருக்குக் குடுக்கிறது?"

சூப்பிரண்டு யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அவங்க மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் டெலிபோன்ல பேசுறாங்களா?"

"நேர்லயே பேசமாட்டாங்க சார்."

"அப்புறம் என்ன?"

அவர் தன் உத்தியோக வாழ்க்கையில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். கம்பிக்காரரைக் கூப்பிட்டு மூன்று பித்தளை வில்லைகளில் 1 என்று வெட்டச் சொல்லி, மூன்று வீட்டு டெலிபோன் பெட்டியிலும் அடித்துவிட்டு வந்தார்கள். பலகையில் நீதிபதியின் எட்டாவது ஓட்டைக்கு மேலும், மில்லின் பதினாறாவதுக்கு மேலும், தலைவரின் இருபத்திரண்டாவதுக்கு மேலும் ஆளுக்கொரு 1. மற்றவர்களுக்கு வந்த வரிசையில் எண். அச்சடித்த பட்டியலில்தான் சிக்கல் வந்தது. அதற்கும் அக்காவே வழி கண்டுபிடித்தாள். பட்டியலை இரண்டிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். முதல் எண் யாருடையது என்று அச்சடித்துச் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும் என்று ஒரு விளக்கம். மூன்று பேரும் அதைப் படித்துவிட்டுப் பூரித்துப் போனார்கள். நீதிபதி பட்டியலைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்ததாகக் கேள்வி.

அப்புறம் பத்து மாதம் அவள் நடத்தியதுதான் வித்தை. வக்கீல் வீட்டு மூடி விழுந்து, "ஒண்ணு" என்று கேட்டால் நீதிபதி. பஞ்சு வியாபாரி கேட்டால் மில். சாலைக் காண்டிராக்டர் கேட்டால் தலைவர். இந்தக் காண்டிராக்டருக்குக் கோர்ட்டில் ஒரு வழக்கும் உண்டு என்பதால் அவரிடம் மட்டும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்வாள். தொண்டையைக் கனைத்துவிட்டு ஒண்ணு என்றால் நீதிபதி. பேசுவதற்கு முன்னாலேயே சிரித்தால் தலைவர். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒன்று மூன்று இருப்பது கொஞ்ச நாளில் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மூவரைத் தவிர. அவர்களிடம் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கு என்ன தலையெழுத்து?

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த சூப்பிரண்டு தலைமை ஆபீசுக்கு என்ன எழுதினார் தெரியுமா? எண் முறை மகத்தான வெற்றி, இனிமேல் யார் வேண்டுமானாலும் பலகையில் உட்காரலாம் என்று எழுதினார். ஏனென்றால் அவர் மனைவியின் தம்பிக்கு வயது இருபத்தாறாகியும் வேலை கிடைக்கவில்லை. அந்த மச்சினனை எங்கேயாவது உட்கார வைக்கச் சொல்லி வீட்டில் கேட்டாகிவிட்டது. வீட்டிலும் அவர் ஆகட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை அக்காவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு அவள் வேலை முடிகிறது என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உனக்கும் பாவம், ஓய்வு வேணும்ல? அண்ணன் வீட்டுல போய் நிம்மதியா இரும்மா."

அவர் தலையில் மைக்கூட்டைக் கவிழ்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கவிழ்க்கவில்லை. படியிறங்கி, தெருவைக் கடந்து, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அண்ணி இந்த முறை எத்தனை மாதம் உட்காரச் சொல்வாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று தேறினால் அதிகம்.

மறுநாள் மச்சினன் வேலை பழக வந்தான். பையன் நல்லவன், சொன்னதைச் சொன்னபடி செய்வான், அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரமாட்டான். அக்கா எதையும் ஒளிக்கவில்லை. கயிறு, மணியடிக்கத் தள்ளும் சாவி, மூடி எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "தம்பி, ஒண்ணு மட்டும் மூணு இருக்கு. யாராவது ஒண்ணு கேட்டா, கேக்குறவங்க குரலைப் பாரு" என்றாள்.

"அதான் நம்பர் வந்திருச்சேக்கா. இனிமே குரலை எதுக்குப் பாக்கணும்?" என்று சிரித்தான் அவன். தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைமை ஆபீசிலிருந்து பெரிய இன்ஜினியர் வந்தார். எண் முறையை நேரில் பார்க்க வேண்டுமாம். புது ஆள் பலகையில் இருக்க, இவர் கீழே சூப்பிரண்டின் அறையிலிருந்து ஒரு எண்ணைக் கேட்பார். உடனே இணைப்பு கிடைத்தால் மற்ற நகரங்களிலும் இதே ஏற்பாடு. எந்த எண்ணைக் கேட்பது என்று ஏற்கெனவே கடிதத்தில் கேட்டிருந்தார். சூப்பிரண்டு யோசிக்காமல் ஒன்று என்று எழுதிவிட்டார். அதோடு நிற்காமல், பத்து மணிக்குப் பெரிய இன்ஜினியர் உங்களோடுதான் பேசப் போகிறார் என்று நீதிபதிக்கு ஆள் அனுப்பினார். அதே ஆள் திரும்புகிற வழியில் மில் முதலாளியைப் பார்த்து அவரிடமும் அதையே சொன்னான். தலைவரின் ஆட்கள் வந்து விசாரித்தபோது அவர்களுக்கும் ஆகட்டும் சொல்லியாயிற்று. மூன்று வீட்டிலும் காலையிலிருந்தே மனைவி, மக்கள், சம்பந்தி எல்லோரும் டெலிபோனைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் புதுச் சட்டை போட்டிருந்தாராம். டெலிபோனில் சட்டை தெரியாது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

பத்து மணிக்கு இன்ஜினியர் கைப்பிடியைச் சுற்றினார். மாடியில் மூடி விழுந்தது. மச்சினன் சொருகினான். "ஒண்ணாம் நம்பர்" என்றார் இன்ஜினியர்.

மச்சினன் பலகையைப் பார்த்தான். ஒரு 1 இருந்தது. பக்கத்து வரிசையில் இன்னொன்று. கீழே இன்னொன்று. அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. திரும்பினான். அக்கா தன் சால்வையையும் தண்ணீர்க் கூஜாவையும் பையில் போட்டுக்கொண்டு படி ஓரத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, எது?"

நீதிபதியின் ஓட்டை எட்டு என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். வாய்வரை வந்தது. பத்து மாதமாகத் தப்பாமல் காப்பாற்றிய விஷயம், பழக்கம் விடுமா? ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு படியிறங்கினால் நேரே அண்ணன் வீடு. "அதான் நம்பர் போட்டிருக்கே தம்பி, பாத்துச் சொருகு" என்றாள்.

அவன் சொன்னபடி செய்பவன். மூன்று கயிறுகளை எடுத்து மூன்று ஒன்றிலும் சொருகி, எல்லாச் சாவியையும் ஒரேயடியாகத் தள்ளி, மணியடித்தான்.

மூன்று வீட்டிலும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள்.

"வணக்கம், ஒன்றாம் நம்பர்" என்றார் நீதிபதி.

"ஒண்ணாம் நம்பர் பேசுறேங்க, சொல்லுங்க" என்றார் மில் முதலாளி.

"அலோ! ஒண்ணு! ஒண்ணு!" என்றார் நகரசபைத் தலைவர்.

இன்ஜினியர் குழலைக் காதிலிருந்து எடுத்து அதை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"யாருய்யா அது குறுக்க? வைய்யா கீழ!"

"நீ வைய்யா. இது ஒண்ணாம் நம்பர்."

"நான்தான்யா ஒண்ணாம் நம்பர், பித்தளையில வெட்டி வச்சிருக்கு, வந்து பாரு."

"யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? இது கோர்ட்டை அவமதிக்கிற செயல்."

"ஓ, நீங்களா? வாங்க ஐயா வாங்க. தீர்ப்புலதான் தப்பு பண்ணுவீங்கன்னு நினைச்சேன், எண்ணுறதுலயுமா?"

"ரெண்டு பேரும் வைக்கிறீங்களா, இல்லை கம்பத்தையெல்லாம் பிடுங்கட்டுமா?"

அந்தக் காலத்து டெலிபோனில் குரல் அவ்வளவு உரக்க வராது என்பார்கள். அன்றைக்கு வந்தது. சூப்பிரண்டின் அறைக்கு வெளியே நின்ற தந்திக்காரர்களுக்கெல்லாம் கேட்டது. அவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இன்ஜினியர் குழலை மெதுவாக மாட்டினார்.

"இங்க ஒண்ணு எத்தனை?" என்று கேட்டார்.

"ஒண்ணு... ஒண்ணுதாங்க" என்றார் சூப்பிரண்டு. அப்புறம் மாடியைக் கைகாட்டினார். "எல்லாம் அந்த அம்மா பண்ண வேலைங்க."

இன்ஜினியர் இரண்டு இரண்டு படியாக ஏறினார். மாடியில் மூன்று மூடிகளும் எடுத்து வைக்க வைக்க மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தன. மச்சினன் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தான். அக்கா பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்து முதல் கயிற்றைச் சொருகினாள். பின்னால் இன்ஜினியர் வந்து நிற்பது அவளுக்குத் தெரியாது.

"ஐயா, அக்கா பேசுறேங்க. நீங்கதாங்க ஒண்ணு. அதுல என்ன சந்தேகம்? மத்த ரெண்டு பேரையும் இழுத்து விட்டது புது ஆளுங்க, அவங்க நம்பரை இன்னைக்கே மாத்தியாச்சுங்க. ஆமாங்க. நான் இருந்த வரைக்கும் இப்படி நடந்திருக்கா? இனிமே எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க, இன்னைக்கோட நான் போறேன். என்னது? பெரிய இன்ஜினியரா? கீழதாங்க இருக்கார். அவர்கிட்டயே சொல்லுங்க."

கயிற்றை உருவி அடுத்ததில் சொருகினாள். இதையேதான் மில் முதலாளியிடமும் சொன்னாள். ஐயா என்பது முதலாளி ஆனது, அவ்வளவுதான். தலைவரிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அவள் நிஜமாகவே பயந்துபோயிருந்தாள்.

இன்ஜினியர் கீழே இறங்கிய பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேரும் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மற்ற இருவருக்கும் இன்றைக்கே எண்ணை மாற்றிவிட்டதாக அக்கா சொன்னாளாம், சந்தோஷமாம். ஆனால் அந்த அம்மா பலகையில் இருக்கிற வரைக்கும்தான் தங்கள் கௌரவத்துக்கு உத்தரவாதமாம். அவளை நீக்கினால் நீதிபதி மேலிடத்துக்கு எழுதுவார். மில் முதலாளி நாலு டெலிபோனையும் வண்டியில் ஏற்றுவார். தலைவர் கம்பத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். யாரும் உட்காரலாம் என்று ஏற்பாடு செய்ய வந்த மனிதருக்கு, அந்த நகரத்தில் ஒரே ஒருத்திதான் உட்கார முடியும் என்பது தெளிவாகப் புரிந்தது.

சூப்பிரண்டையும் அழைத்துக்கொண்டு மறுபடி மாடிக்கு வந்து, "சூப்பிரண்டு, இந்த அம்மாவே இருக்கட்டும்" என்றார்.

சூப்பிரண்டு என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். தண்ணீர்க் கூஜாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். இன்ஜினியர் பலகையின் பின்பக்கத்து மூடியைக் கழற்றி, குனிந்து கம்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இப்படிப்பட்ட எக்ஸ்சேஞ்சை அவர் பார்த்ததில்லையாம், எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"ஏம்மா, இந்த முதல் ஓட்டைக்கு மேல எண்ணே இல்லையே? கம்பி மட்டும் வெளிய போகுது. எங்க போகுது இது?"

அக்கா விழுந்திருந்த ஒரு மூடியை எடுத்து வைத்தாள். அவர் திரும்பக் கேட்டார்.

"எதிர்த்தாப்புல மாடி ரூமுக்குங்க."

"அங்க யாரு?"

"நான்தாங்க."

பலகை வந்த முதல் வாரம், கம்பி சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கம்பிக்காரருக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது. பின்னால் அவள் குடிவந்த அந்த எதிர் மாடி அறையில் ஒரு உடைசல் பெட்டியை மாட்டிப் பார்த்தார். சோதனை முடிந்தது. கழற்ற மறந்துவிட்டார். அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

"அப்ப இந்த ஊர்ல முதல் லைன் உன்னோடதா?" இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னை யாரும்மா கூப்பிடுவாங்க?"

"யாரும் கூப்பிட்டதில்லைங்க. நான் இங்க இருக்கும்போது அங்க எடுக்க ஆளில்லை. நான் அங்க போயிட்டா இங்க பூட்டிடுறாங்க, சொருக ஆளில்லை. நான் காய்ச்சல்ல கிடந்தப்பவும் இப்படி ஒரு லைன் இருக்கிறது சாருக்குத் தெரியாதுங்க. மூணு வருஷமா சும்மாதான் தொங்குதுங்க."

இன்ஜினியர் சிரிப்பை நிறுத்திவிட்டார். விதிப்படி அந்தக் கம்பியை வெட்ட வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வெளிச்சத்துல எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத்து மூடியைத் திருகி மூடினார். "வேற ஏதாவது வேணுமா உனக்கு?"

"வாரத்துல ஒரு நாள் லீவு வேணுங்க."

"அன்னைக்கு யாரு உட்காருவா?"

எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்ற மச்சினனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா காலை எட்டு மணி வரைக்கும் தூங்கினாள். தலைக்குக் குளித்தாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு, பாதி திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அப்போது சுவரில் இருந்த பெட்டி அடித்தது.

தூக்கிவாரிப் போட்டது. டீ மடியில் சிந்தியது. ஒரு நாளைக்கு நூறு மணியை ஊரில் அடிக்கவைத்தவள், தன் வீட்டு மணி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டாள். கொஞ்சம் கரகரவென்றுதான் இருந்தது. எழுந்து போய் அதன் எதிரே நின்றாள், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்குப் போய் அழுவார்களா என்று தன்மேலேயே கோபமும் வந்தது. மூன்றாவது மணிக்கு எடுத்தாள்.

"அக்கா!" மச்சினன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீதிபதி ஐயா கூப்பிட்டு ஒண்ணாம் நம்பர் குடுங்கிறார்க்கா! அவரே ஒண்ணு, அவருக்கு எந்த ஒண்ணைக் குடுக்கிறது? வேற ஒண்ணு இருக்கான்னு சோதிச்சுப் பாக்குறார் போல. லைன்ல காத்துக்கிட்டு இருக்கார். என்னக்கா சொல்ல?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு எங்கேஜ்டுன்னு சொல்லு."

"கோர்ட்டு ஐயாக்கா. அவர்கிட்டப் போய்ப் பொய் சொல்லச் சொல்றீங்களே?"

"பொய் என்ன தம்பி? ஒண்ணு இப்ப உன்கூடத்தான் பேசிக்கிட்டு இருக்கு."